மண்ணை விற்றுப் படித்தவன் மண்ணுக்குப் போன கதை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "ஒரு கால் மணி நேரம் பேசணும்ப்பா" என்றார். "எதைப் பத்தி அண்ணே?" என்று கேட்டேன். "நீ வேலையை விட்டுட்டு ஏதோ தோட்டத்துல போய் உக்காந்திருந்தியாமே, அதைப் பத்தித்தான்" என்றார். என்னைப் பற்றி இந்தக் கல்லூரி வட்டாரத்தில் உலவும் செய்தி இதுதான் என்று புரிந்தது. ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பதினொரு மாதத்தில் சும்மா உட்கார்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் 2010-இல் வெளியேறிய மெக்கானிக்கல் அணி. எங்கள் அப்பா விவசாயி. நாலரை ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு கிணறு. என்னை இந்தக் கல்லூரியில் சேர்ப்பதற்காக அதில் ஒன்றரை ஏக்கரைக் கிரயம் பண்ணினார். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, "நீயாவது இந்த மண்ணை விட்டுப் போயிருடா" என்றார். போய்விட்டேன். பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடம் வேலை. கல்யாணம், ஒரு பெண் குழந்தை, வீட்டுக் கடன், எல்லாம் வரிசையாக வந்தது.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திண்டுக்கல் மாவட்டம் அய்யலூருக்கும் கரூர் மாவட்டம் கடவூருக்கும் இடைப்பட்ட மலையடிவாரத்தில் ஒரு கல்விப் பண்ணைக்குத் தன்னார்வலராகப் போனேன். பண்ணையின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது. என்னுடைய ஒரு பெரிய தவறும் இந்தக் கதையில் வருகிறது. என் மனைவி ஆசிரியை. "ஒரு வருஷம்தான், அதுக்கு மேல ஒரு நாள் கூடக் கிடையாது" என்று சொல்லி அனுப்பி வைத்தாள். அந்த வருடம் குடும்பம் அவள் சம்பளத்தில் ஓடியது. என் புகழை யாராவது பாடுவதென்றால் முதலில் அவளைப் பாட வேண்டும்.

அப்பா மட்டும் என்னோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று ஒன்றே ஒன்று கேட்டார். "மண்ணை வித்து உன்னைப் படிக்க வச்சேன். நீ திரும்ப மண்ணை அள்ளப் போறியா?" எனக்குப் பதில் வரவில்லை.

எதற்காகப் போனேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, கடவூர் பக்கம் சுருமான்பட்டியில் உள்ள வானகத்துக்கு ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தேன். இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வார் உருவாக்கிய இடம் அது. நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். 1960-களில் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். இங்கே செய்கிற ஆராய்ச்சியால் மானாவாரி விவசாயிக்குப் பிரயோஜனமில்லை என்று அந்த வேலையை விட்டு வெளியே வந்தவர். 2013 டிசம்பர் 30-ஆம் தேதி, தஞ்சைப் பகுதியில் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். வானகத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லும் கரடுமாகக் கிடந்த நிலத்தில் மரம் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் மானாவாரி நிலம் ஞாபகம் வந்தது. அப்பா தோற்றுப்போனாரா, அல்லது அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறை தோற்றுப்போனதா என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

பண்ணையில் தங்கி, சாப்பாட்டுக்கும் பாடத்துக்கும் பதிலாக உழைப்பைக் கொடுப்பது என்ற ஏற்பாடு இன்று உலகமெங்கும் இருக்கிறது. 1971-இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பார்டு என்ற பெண்மணி, நகரத்துக்காரர்கள் வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் வேலை செய்யட்டும் என்று சிறு அளவில் ஆரம்பித்து வைத்தது, இன்று எத்தனையோ நாடுகளில் பரவி நிற்கிறது. நான் போன பண்ணையில் அப்படிப் பெரிய அமைப்பு எதுவும் கிடையாது. ஒரு அறக்கட்டளை, பதினைந்து ஏக்கர் நிலம், நான்கு குடும்பங்கள், ஊரிலிருந்து கூலிக்கு வரும் ஆறு பேர், ஏழெட்டு மாடுகள், என்னைப் போல வந்துபோகும் தன்னார்வலர்கள், சனிக்கிழமைதோறும் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர். அவ்வளவுதான்.

காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். ஆறு மணிக்கு மாட்டுத் தொழுவம். எட்டரைக்குக் கம்பங்கூழோ மாப்பிள்ளைச் சம்பா கஞ்சியோ, கூடவே சின்ன வெங்காயம். பிறகு பதினொன்றரை வரை வயல். மத்தியானம் வெயில் தாழும் வரை சமையல், பாத்திரம், படிப்பு. மறுபடி நான்கு மணிக்கு வயல். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். முதல் வாரத்தில் என் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். மண்வெட்டியைப் பிடிக்க முடியாமல் துணி சுற்றிக்கொண்டேன். அங்கே ஒரு பாட்டி வேலை செய்தார். வயது அறுபதுக்கு மேல். எல்லோரும் அப்பத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "இது கீபோர்டு தட்டுற கை. பழகிரும், விடு தம்பி" என்றார். நான் ஒரு பாத்தி களையெடுத்து முடிப்பதற்குள் அவர் மூன்று பாத்தி முடித்துவிடுவார். நான் பிடுங்கியதில் பாதி கீரையாக இருக்கும்.

தம்பிமார்களுக்கு இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தன்னார்வலர் என்றால் பண்ணைக்கு உதவி செய்யப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். முதல் இரண்டு வாரம் நாம்தான் அவர்களுக்குச் சுமை. நமக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், நாம் செய்த தப்பைச் சரிசெய்ய இன்னொரு ஆள். ஞாயிற்றுக்கிழமை வந்து, நாற்றுப் பாத்தியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்து அப்பத்தா சிரிப்பார். "கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போறாக" என்பார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நான் சம்பளமில்லாமல் செய்கிற வேலை யாரோ ஒருவருடைய கூலியைப் பறிக்கிறதா? அந்தப் பண்ணையில் இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். நடவு, களை, அறுப்பு இந்த மூன்றுக்கும் ஊர் ஆட்களுக்குக் கூலி கொடுத்தே தீர வேண்டும். தன்னார்வலர் அவர்களோடு சேர்ந்து செய்யலாம், அவர்களுக்குப் பதிலாகச் செய்யக் கூடாது. எங்கே போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்.

அங்கே கற்றதில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மண் செத்துக் கிடந்தால் முதலில் பல தானியம் விதைப்பார்கள். தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பயிர், பசுந்தாள் என்று கலந்து விதைத்து, பூக்கிற பருவத்தில் அப்படியே மடக்கி உழுதுவிடுவது. ஜீவாமிர்தம் தயாரிப்பது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். இரண்டு நாள் கலக்கி வைத்தால் ஒரு ஏக்கருக்கு ஆச்சு. சாணத்தில் கைவிட மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், நாலாவது வாரம் வெல்லத்துக்குச் சண்டை போட்டார்கள். பொறிவண்டு நம்ம ஆள், அசுவினி எதிராளி, கும்பிடு பூச்சி போலீஸ்காரர் என்று அவர்களே பெயர் வைத்தார்கள். ஒரு மழைமானி வைத்து, தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதுவதும் பிள்ளைகள் பொறுப்பு. வார நாட்களில் பண்ணைக் குடும்பங்களின் பிள்ளைகள் எழுதுவார்கள். இந்த நோட்டு பின்னால் வருகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. என் தவறுக்கு வருகிறேன்.

பண்ணையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. "இன்ஜினியர் வந்திருக்காரே" என்று என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்கும் பெருமை. 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். 8 லட்சம் லிட்டர் பிடிக்கும். வெட்டிய மண்ணைக் கொண்டு கீழ்ப்பக்கம் கரை. குட்டைக்கு நீர் வரும் மேட்டு நிலம் 12 ஏக்கர். நான் போட்ட கணக்கு இதுதான்: ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர், மழை நாட்கள் 40, ஆக ஒரு நாள் மழை 16 மில்லிமீட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 4,047 லிட்டர். நூற்றுக்கு நாற்பது பங்கு ஓடி வந்தாலும் ஒரு மழைக்கு 3 லட்சம் லிட்டர்தான். உபரி நீர் போக இரண்டு 6 அங்குலக் குழாய் பதித்தேன். தாராளம் என்று நினைத்தேன்.

கரை போடும்போது அப்பத்தா வந்து நின்று பார்த்தார். "தம்பி, மலைத் தண்ணி இந்தப் பக்கமா உருண்டு வரும். இந்தக் குழா பத்தாது" என்றார். நான் காகிதத்தைக் காட்டி, "கணக்குப் போட்டிருக்கேன் அப்பத்தா" என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் காகிதத்தைக் காட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அக்டோபர் மாதம். ஒரு நாள் சாயங்காலம் மலை கறுத்தது. இரண்டு மணி நேரம் கூட இல்லை. மறுநாள் பிள்ளைகள் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதியது 80 மில்லிமீட்டர். இப்போது அதே கணக்கைப் போடுங்கள். 12 ஏக்கரில் 38 லட்சம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதில் நாற்பது பங்கு ஓடி வந்தால் 15 லட்சம். குட்டையோ 8 லட்சம். மழை உச்சத்தில் விநாடிக்கு 300 லிட்டருக்கு மேல் வந்திருக்கும். என் இரண்டு குழாயும் சேர்ந்து 60 லிட்டர் வெளியேற்றினால் பெரிது. கரைக்கு மேலே தண்ணீர் ஏறி, நடுவில் பிளந்துகொண்டு போய்விட்டது.

யாருக்கும் அடிபடவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் கரைக்குக் கீழேதான் பிள்ளைகளின் நாற்றங்கால் இருந்தது. கத்தரி, மிளகாய், முருங்கை, வேம்பு என்று 1,200 நாற்று. பிள்ளைகள் மூன்று மாதமாகப் பெயர் எழுதி வைத்து வளர்த்தது. ஒன்று கூட மிச்சமில்லை. அந்த ஒரு ஏக்கரில் ஐந்து வருடமாகத் தொழு உரமும் மூடாக்கும் போட்டுச் சேர்த்த மேல்மண்ணும் போய்விட்டது. சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், கோபமே இல்லாமல் கேட்டான்: "அண்ணே, இன்ஜினியருக்குத் தண்ணிக் கணக்கு சொல்லித் தர மாட்டாங்களா?"

சொல்லித் தந்தார்கள். இதே கல்லூரியில், மூன்றாம் செமஸ்டரில் திரவ இயக்கவியல் படித்தேன். அந்தப் பேப்பரில் எனக்கு அரியர் கூடக் கிடையாது. நம் பேராசிரியர் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மன்னிக்க வேண்டும் சார். நீங்கள் சொல்லித் தந்ததில் குறை இல்லை. மழை சராசரியாகப் பெய்யாது, பெய்கிற நேரத்தில் மொத்தமாகப் பெய்யும் என்பதை நான்தான் யோசிக்கவில்லை. சராசரி பார்த்துச் சம்பளம் போடலாம், கரை போடக்கூடாது. பின்னால் இருந்து சிவில் நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு.

பண்ணையில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. அப்பத்தா மட்டும், "சரி விடு, சாப்பிட வா" என்றார். அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார். "கலிங்கு எங்க வச்ச?"

கலிங்கு. நம்ம ஊர் ஏரி, குளம் எல்லாவற்றிலும் உபரி நீர் வழிந்து போகக் கல் கட்டி விட்டிருப்பார்களே, அது. சின்ன வயதில் அதில் உட்கார்ந்து மீன் பிடித்திருக்கிறேன். அதற்கு எதற்காக அவ்வளவு அகலம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அடுத்த வாரம் அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் என்னிடம் பேசவில்லை, அப்பத்தாவிடம் பேசினார். இரண்டு பேரும் மேட்டில் ஏறி, தண்ணீர் வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். கரையின் ஓரத்தில், கெட்டித் தரை இருந்த இடத்தில், காலால் அளந்து, "இங்க ஆறடி அகலம். கரை மட்டத்துக்கு ரெண்டடி கீழ. கல்லுப் பாவு" என்றார். இரண்டு நாள் இருந்து, மண்வெட்டியை அவரே பிடித்தார். ஓரங்களில் வெட்டிவேர் நட்டோம். அவர் போன பிறகு நான் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்த ஆறடி வாயில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் விநாடிக்கு ஏறக்குறைய 500 லிட்டர் போகும். வந்ததற்கும் மேலாக இடம் விட்டிருக்கிறார், காகிதம் இல்லாமல்.

கிளம்பும்போது பண்ணை மண்ணை ஒரு கை அள்ளி, உதிர்த்துப் பார்த்தார். "மண்ணு நல்லாத்தான் இருக்கு. வருமானம்தான் என்னன்னு தெரியல" என்றார்.

நண்பர்களே, அது நியாயமான கேள்வி. இயற்கை வேளாண்மை என்று மேடையில் பேசுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பண்ணை விளைச்சலை மட்டும் நம்பி நிற்கவில்லை. பயிற்சிக் கட்டணம், காய்கறிக் கூடை, நன்கொடை, எல்லாம் சேர்ந்துதான் ஓடுகிறது. ரசாயனத்திலிருந்து மாறுகிற நிலத்துக்கு இயற்கைச் சான்றிதழ் கிடைக்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை இயற்கை விளைபொருள் என்று சான்றோடு விற்க முடியாது, விளைச்சலும் குறையலாம். அந்த வருடங்களை ஒரு சிறு விவசாயி எப்படித் தாண்டுவார்? பக்கத்து நாடான இலங்கையில் 2021-ஆம் ஆண்டு ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை போட்டார்கள். நெல் விளைச்சல் பெருமளவு விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மண்ணை உத்தரவு போட்டு மாற்ற முடியாது. அதன் வேகத்துக்குத்தான் நாம் நடக்க வேண்டும். எங்கள் குட்டை எனக்குச் சொன்னதும் அதுதான்.

நல்ல செய்தியும் ஒன்று. அந்த அக்டோபரில்தான் கடவூர், அய்யலூர் மலைக்காடுகளைத் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. 11,806 ஹெக்டேர், இந்தியாவிலேயே முதல் தேவாங்கு சரணாலயம். பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடித் திரிந்தார்கள். நவம்பரில் மறுபடி 1,200 விதை போட்டோம். இந்தத் தடவை கரைக்குப் பக்கவாட்டில். கேள்வி கேட்ட அந்தப் பையன்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தான்.

2023 மே மாதம், மனைவிக்குக் கொடுத்த வாக்குப்படி ஒரு மாதம் முன்னதாகவே திரும்பி வந்து வேலையில் சேர்ந்தேன். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பண்ணைக்குப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நானே இன்று மாதச் சம்பளக்காரன்தான். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அங்கே போகிறேன். ஊரில் மிச்சமிருக்கும் மூன்று ஏக்கரில் அரை ஏக்கரை அப்பா எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். "அரை ஏக்கர்தான். அதுல என்ன வேணா பண்ணிக்க" என்று உத்தரவு.

இந்தச் சங்கத்திடம் மூன்று விண்ணப்பம் வைக்கிறேன். ஒன்று, விடுதிக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. மெஸ்ஸில் மிஞ்சுவதும் காய்கறிக் கழிவும் லாரியில் ஏறிப் போகிறது. சர் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1920-களில் நம் நாட்டு விவசாயிகளைப் பார்த்துக் கற்று, இந்தூரில் மட்கு உரம் செய்யும் முறையை வகுத்தார். அதற்கு வேண்டியது குழி, இலை தழை, சாணம், பொறுமை. விடுதி மாணவர்கள் செய்யட்டும். குழிக்கும் வேலிக்கும் ஆகும் செலவை எங்கள் 2010 அணி ஏற்கிறது.

இரண்டு, இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஆண்டுதோறும் நான்கு மாணவர்களை ஒரு மாதம் ஏதாவது ஒரு பண்ணைக்கு அனுப்புங்கள். செய்வதற்கு வேலை கொட்டிக் கிடக்கிறது. சாமை, குதிரைவாலி உமி நீக்க ஒரு வீடு வாங்கக்கூடிய அளவில் நல்ல இயந்திரம் வேண்டும். குனியாமல் களையெடுக்கப் பெண்கள் கைக்கு ஏற்ற கருவி வேண்டும். அப்பத்தாவின் முதுகைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசரம் தெரியும்.

மூன்று, போகிற மாணவர்களுக்கு. இரண்டு வாரத்துக்குக் குறையாமல் தங்குங்கள். பாத்திரம் கழுவுங்கள். கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள். உங்கள் கணக்கைக் கட்டாயம் போடுங்கள். நாம் படித்த படிப்பு வீண் இல்லை. போட்ட கணக்கை, அந்த மண்ணில் நாற்பது வருடம் நடந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகு மண்வெட்டியை எடுங்கள்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் கலிங்கில் தண்ணீர் வழிந்தது என்று போன் வந்தது. கரை நின்றது. அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.